சமைத்தது கதை, பரிமாறியது படம்



மனத்தில் நிற்பது எழுதிய கதையா, எடுத்த படமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ஒரு டேனிஷ் படத்தை எடுத்துக்கொண்டார்கள். ‘பாபெத்தின் விருந்து.’ 1987-இலே வந்த படம். கேப்ரியல் ஆக்ஸல் இயக்கியது. மறு ஆண்டே சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. டென்மார்க்குக்கு அந்தப் பிரிவிலே கிடைத்த முதல் ஆஸ்கர் அதுதான். அதிலே வருகிற ஆமை சூப்பையும், காடையையும், பழத்தட்டையும் சகோதரி வர்ணித்த வர்ணனையிலே, முன்வரிசையிலே இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதாம். (சிரிப்பு)

நானும் அதே விருந்துக்குத்தான் வருகிறேன். ஆனால் அடுக்களை வாசல் வழியாக வருகிறேன்.

விருந்து என்றதும், தமிழ்ப் பேராசிரியன் இப்போது குறள் சொல்லப் போகிறான் என்று நடுவர் எதிர்பார்க்கிறார். இன்றைக்குச் சொல்லப் போவதில்லை ஐயா. விருந்து வாங்கியவர்களைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. நான் சமைத்தவளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே நாட்டிலே, வடகோடியிலே, பெர்லேவாக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மதகுரு. அவருக்கு இரண்டு பெண்கள். மார்ட்டீன், பிலிப்பா. மார்ட்டின் லூதர் பெயரையும் அவருடைய நண்பர் பிலிப் மெலாங்தன் பெயரையும் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார் என்றால், அந்த வீட்டிலே பக்தி எந்த அளவு என்று புரிந்துகொள்ளுங்கள். பெரியவளை ஓர் இளம் ராணுவ அதிகாரி விரும்பினார். லோவன்ஹீல்ம் என்று பெயர். சொல்ல வாய் வராமல் திரும்பிப் போய்விட்டார். சின்னவளுக்குத் தெய்வீகக் குரல். பாரிஸ் நகரத்துப் பெரிய பாடகர் பாபேன் அவளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். பாடம் காதல் பக்கம் திரும்பியதும் அவள் பாட்டையே நிறுத்திவிட்டாள். அக்காள் தங்கை இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், அப்பாவின் சபையைக் காப்பாற்றிக்கொண்டு, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு வயதாகிவிடுகிறார்கள்.

1871, ஜூன் மாதம். மழை கொட்டுகிற ஒரு ராத்திரி, கதவைத் தட்டுகிறாள் ஒரு பிரெஞ்சுக்காரி. கையிலே ஒரு கடிதம். எழுதியவர் அந்தப் பழைய பாடகர். பாரிஸிலே கலவரம், இவளுடைய கணவனும் மகனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இவள் உயிர் தப்பி வந்திருக்கிறாள், அடைக்கலம் கொடுங்கள் என்று கடிதம் சொல்கிறது. கடைசியிலே போகிற போக்கில் ஒரு சேதி: இவளுக்குச் சமைக்கத் தெரியும்.

அக்காவும் தங்கையும் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தார்கள்! காய்ந்த மீனை எப்படி ஊற வைப்பது, ரொட்டியையும் பீரையும் போட்டு எப்படிக் கஞ்சி காய்ச்சுவது என்று பாடம் நடத்தினார்கள். அவள் முகத்திலே ஒரு சலனம் இல்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பத்தாண்டுகளுக்கும் மேலே அந்தக் கருவாட்டையும் கஞ்சியையும் சமைத்துப் போட்டாள், சம்பளம் இல்லாமல்.

பிறகு அவளுக்கு லாட்டரியிலே பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. ஊருக்குப் போய்விடுவாள் என்று இவர்கள் கலங்கினால், அவள் ஒரே ஒரு வரம் கேட்கிறாள். மதகுருவின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க அனுமதி வேண்டும், செலவு என்னுடையது. கப்பலிலே உயிரோடு ஆமை வந்து இறங்குகிறது. பாட்டில் பாட்டிலாக மது வருகிறது. பார்த்த மார்ட்டீனுக்குத் தூக்கத்திலே கெட்ட கனவு. சபைக் கிழவர்கள் எல்லாரும் கூடி, சாப்பிடுவோம், ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். அந்த விருந்துக்கு, இப்போது ஜெனரலாக வளர்ந்துவிட்ட அந்தப் பழைய லோவன்ஹீல்மும் வருகிறார். பந்தியிலே பன்னிரண்டு பேர். ருசி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். உயர்ந்த ஷாம்பெயினை மற்றவர்கள் எலுமிச்சை சர்பத் என்று நினைத்துக் குடிக்கிறார்கள். (சிரிப்பு) சாப்பிடச் சாப்பிட, வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் கிழங்கட்டைகள் ஒருவரையொருவர் மன்னிக்கிறார்கள்.

இந்த இடத்திலே ஓர் உண்மையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிரணி கைதட்டிக்கொள்ளலாம்.

இந்தப் படத்தை நானும் எங்கள் வீட்டம்மாவும் வீட்டிலே டி.வி.டி. போட்டுப் பார்த்தோம். அவர்கள் பொதுவாக வெளிநாட்டுப் படம் என்றால் பத்து நிமிஷத்திலே எழுந்து போய்விடுவார்கள். இதற்கு அசையவில்லை. படம் முடிந்தது. நான், ஒளிப்பதிவு எப்படி, குறியீடு எப்படி என்று ஒரு சொற்பொழிவுக்குத் தயாரானேன். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: “ஏங்க, அந்த அம்மா சாப்பிட்டாங்களா?”

நான் திகைத்துப் போய்விட்டேன். “எல்லாம் முடிஞ்சப்புறம் கிளாஸ்ல கொஞ்சம் மது குடிக்கிறாங்களே, பார்க்கலையா?” என்றேன். “குடிக்கிறதெல்லாம் சாப்பாடா?” என்றார்கள். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தக் கேள்வியை எழுப்பியது படம். எழுதிய கதையிலே பந்தி நடக்கிறபோது நாம் பெரும்பாலும் கூடத்திலேதான் இருக்கிறோம், விருந்தாளிகளோடு. அடுக்களைக்குள்ளே என்ன நடந்தது என்பது கடைசியிலேதான் தெரிகிறது. ஆக்ஸல் என்ன செய்தார்? கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள்ளே போய்விட்டார். அடுப்புப் புகையிலே அந்த அம்மாவின் நெற்றி வியர்வை தெரிகிறது. காடையை மாவுக் கூட்டுக்குள்ளே வைக்கிற விரல் தெரிகிறது. உதவிக்கு நிற்கிற பையனுக்கு, எந்தக் கோப்பையிலே எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவர் சொல்லித் தருவது தெரிகிறது. ஸ்டெஃபான் ஆட்ரான் என்கிற நடிகை, பேச்சே இல்லாமல் ஒரு சமையற்காரியின் கம்பீரத்தைக் காட்டுகிறார். அதோடு, கதையிலே வருகிற பெர்லேவாக், வண்ண வண்ண மர வீடுகள் உள்ள, பொம்மை மாதிரியான ஊர். ஆக்ஸல் அதை விட்டுவிட்டு டென்மார்க்கின் ஜட்லண்ட் கடற்கரைக்குப் போனார். சாம்பல் வானம், சாம்பல் மணல், சாம்பல் உடை. அந்தச் சாம்பலுக்கு நடுவிலே ஒரு திராட்சைக் கொத்தை வைத்தால் எப்படியிருக்கும்! அசல் ஊரை அப்படியே எடுத்திருந்தால் சுற்றுலா விளம்பரம் மாதிரி ஆகியிருக்கும் என்பது அவருடைய கணக்கு. சரியான கணக்கு. இந்த இரண்டுக்கும் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அடுக்களைக்குள்ளே போன கேமரா, அங்கே அந்த அம்மா வாய் திறந்து பேசியபோது என்ன செய்தது? அதைத்தான் நான் கேட்கிறேன்.

அதற்கு முன்னாலே ஒரு ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஜெனரல் காலிஃபே. கற்பனைப் பாத்திரம் இல்லை. பிரெஞ்சுச் சரித்திரத்திலே நிஜமாக வாழ்ந்த மனிதர். 1871 வசந்தத்திலே பாரிஸ் தொழிலாளிகளும் ஏழைகளும் நகரத்தைத் தங்கள் கையிலே எடுத்துக்கொண்டார்கள். பாரிஸ் கம்யூன் என்று படித்திருப்பீர்கள். தெருவுக்குத் தெரு தடுப்பு கட்டிச் சண்டை போட்டார்கள். மே மாதக் கடைசியிலே அரசாங்கப் படை உள்ளே புகுந்தது. ஒரே வாரத்திலே ஆயிரக்கணக்கான பேரைக் கொன்று குவித்தது. ரத்த வாரம் என்று அதற்குப் பெயர். அந்தப் படையின் தளபதிகளிலே ஒருவர் இந்தக் காலிஃபே. பிடிபட்டவர்களின் வரிசையிலே நடந்து போய், நீ வா, நீ வா என்று பொறுக்கி எடுத்துச் சுட வைத்தவர் என்று பெயர் வாங்கியவர். அதற்காக அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்கிறீர்களா? 1899-இலே பிரான்ஸின் போர் மந்திரியே ஆனார்!

இப்போது பந்திக்கு வாருங்கள். காடை பரிமாறுகிறார்கள். நம் லோவன்ஹீல்ம் ஒரு வாய் வைத்ததும் திடுக்கிடுகிறார். பல வருஷங்களுக்கு முன்னாலே பாரிஸிலே, கஃபே ஆங்கிலே என்ற உணவகத்திலே இதே பதார்த்தத்தைச் சாப்பிட்டிருக்கிறார். அதுவும் நிஜமான உணவகம். 1867-இலே ரஷ்யச் சக்கரவர்த்தி சாப்பிட்ட மேஜை அங்கே இருந்தது. அங்கே தலைமைச் சமையல் ஒரு பெண் என்பது மட்டும் கதாசிரியையின் கற்பனை. லோவன்ஹீல்முக்கு அங்கே விருந்து நடந்தபோது கூட இருந்து அந்தப் பெண்ணைப் புகழ்ந்தவர் யார்? காலிஃபே. அவள் கையிலே ஒரு சாப்பாடு காதலாகவே மாறிவிடுகிறது என்றாராம். இந்தப் பாரிஸிலே நான் ரத்தம் சிந்தத் தயார் என்றால் அது இவளுக்காகத்தான் என்றாராம்.

கேட்டுக்கொண்டீர்களா? அவளுக்காக ரத்தம் சிந்துவேன் என்ற மனிதர். பிற்பாடு அவள் எந்த மனிதரின் ரத்தக் கையிலிருந்து தப்பி வந்தாள்? அதே காலிஃபே. அவருக்கு இவள் சமைத்துப் போட்ட பதார்த்தத்தின் பெயர் என்ன தெரியுமா? கல்சவப்பெட்டிக் காடை! (கைதட்டல்)

படத்திலும் காலிஃபே பெயர் வருகிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் வருகிறதே தவிர, கணக்கு தீரவில்லை. கணக்கு தீர்கிற இடம் கடைசிக் காட்சி. விருந்தாளிகள் போய்விட்டார்கள். கதையிலே அவர்கள் பனியிலே வழுக்கி விழுந்து குழந்தைகள் மாதிரி சிரித்துக்கொண்டு போகிறார்கள். படத்திலே கிணற்றைச் சுற்றிக் கைகோத்துப் பாடுகிறார்கள். இரண்டும் அழகு. அதை விடுங்கள். அக்காவும் தங்கையும் அடுக்களைக்கு வருகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் பிடித்த பாத்திரங்களுக்கு நடுவிலே, வெட்டுக்கட்டை மேலே, ரத்தம் சுண்டிப் போன முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் பாபெத். நான்தான் கஃபே ஆங்கிலேயில் சமையற்காரியாக இருந்தவள் என்கிறாள். பணம் முழுக்க இந்த ஒரு சாப்பாட்டிலே போய்விட்டது என்கிறாள். அங்கே பன்னிரண்டு பேர் சாப்பிட்டால் பத்தாயிரம் பிராங்க்தான் ஆகும். அடடா, எங்களுக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாயே என்று இவர்கள் உருகுகிறார்கள்.

இங்கேதான் கதையும் படமும் பிரிகின்றன. படத்திலே பாபெத், உங்களுக்காக மட்டும் இல்லை என்கிற பொருளிலே மென்மையாகச் சொல்கிறாள். கதையிலே அந்த ‘மட்டும்’ கிடையாது. உங்களுக்காகவா, இல்லை, எனக்காகச் செய்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்த உடனே, தன் கலைக்காகத் தன் சொத்தை எரித்த ஒருத்தி, ஊருக்காகத் தியாகம் செய்த உத்தமியாகிவிடுகிறாள். தியாகி என்று பட்டம் கொடுப்பது நமக்குச் சுலபம். அதற்கப்புறம் அவள் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை பாருங்கள்.

கதையிலே அவள் அதோடு நிறுத்தவில்லை. தான் சமைத்துப் போட்ட அந்தப் பிரபுக்களையும், இளவரசியையும், காலிஃபேயையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறாள். கெட்டவர்கள், ஈவிரக்கம் இல்லாதவர்கள், பாரிஸ் ஜனங்களைப் பட்டினி போட்டார்கள் என்கிறாள். தடுப்பின் மேலே நின்றதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறாள். என் வீட்டு ஆண்களுக்குத் துப்பாக்கியிலே மருந்து அடைத்துக் கொடுத்தேன் என்கிறாள். சாந்தமே உருவான வீட்டிலே, பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கஞ்சி காய்ச்சிய சமையற்காரி பேசுகிற பேச்சா இது! படத்திலே இந்தப் பேச்சு இல்லை. பாரிஸிலே எனக்கு யாரும் இல்லை, எல்லாரும் செத்துப் போய்விட்டார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் கணவனையும் மகனையும் நினைத்துக்கொள்வார்கள்.

கதையிலே அவள் சொல்வது அதைவிடப் பயங்கரம். அந்தக் கெட்டவர்கள் இப்போது பாரிஸிலே இல்லை, அதனாலே நானும் போகமாட்டேன் என்கிறாள்! ஏன் என்றால், அவர்கள் என்னுடையவர்கள். நான் எவ்வளவு பெரிய கலைஞர் என்று புரிந்துகொள்ளும்படி, பிறந்ததிலிருந்து நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத செலவிலே பழக்கப்பட்டவர்கள் அவர்கள் மட்டுந்தான் என்கிறாள்.

யாருக்கு எதிராகத் துப்பாக்கிக்கு மருந்து அடைத்தாளோ, அவர்களுக்காகவே ஏங்குகிறாள். எந்த ஏழைக்காகச் சண்டை போட்டாளோ, அந்த ஏழைக்குத் தன் சமையலின் அருமை தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. கதாசிரியை அவிழ்க்கவும் இல்லை. இதைக் கேட்ட பிறகு பிலிப்பா அவளைக் கட்டிக்கொள்கிறாள். பாபெத்தின் உடம்பு சலவைக்கல் மாதிரி இருக்கிறது, நடுங்குவது பிலிப்பாதான்.

நான் அந்தக் கடைசிப் பக்கங்களைத் தமிழிலே சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். “கெட்டவங்கன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் அவங்க இல்லாத ஊருக்கு ஏன் போகமாட்டேங்கிறாங்க?” என்று கேட்டுப் பார்த்தேன், வகுப்பிலே கேட்கிற மாதிரி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ருசி தெரிஞ்ச நாக்கு இல்லாத ஊர்ல யாருக்குன்னு சமைக்கிறது? முப்பது வருஷமாச் சமைக்கிறேன், எனக்குத் தெரியாதா?” என்றார்கள். (சிரிப்பு) சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எதிரணி சொல்லலாம்: படம் என்றால் சிலதை விடத்தான் வேண்டும், நூறு நிமிஷத்துக்குள்ளே அரசியல் எதற்கு, மன்னிப்பும் அன்பும் போதாதா என்று. அன்பைக் குறைத்துச் சொல்கிறவன் இல்லை நான். போப் பிரான்சிஸ், 2016-இலே குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதிய மடலிலே இந்தப் படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பிறருக்குச் சந்தோஷம் கொடுப்பதிலே இருக்கிற சந்தோஷத்துக்கு அவருக்கு இது ஓர் உதாரணம். பொருத்தமான உதாரணந்தான், படத்துக்கு. கதையிலே இருக்கிற பாபெத்தை அந்த இடத்திலே வைத்தால் அவள் சும்மா இருப்பாளா?

இன்னொன்று சொல்கிறேன். இந்தப் படம் அமெரிக்காவிலே வெளியானபோது, நியூயார்க்கிலே பெரிய உணவகத்திலே அதே பட்டியலைச் சமைத்து, நல்ல விலைக்குப் போட்டார்கள். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் மேஜை பிடித்து உட்கார்ந்தார்கள். நல்ல பசி, நல்ல ருசி. குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு படத்திலே இருந்திருந்தால், எத்தனை பேருக்குத் தொண்டையிலே இறங்கியிருக்கும்? படம் அவர்களை ரசிகர்களாக்கியது. எந்த மேஜையிலே உட்கார வைத்தது? காலிஃபே உட்கார்ந்த மேஜையிலே. (கைதட்டல்)

இந்தக் கதையை எழுதியவர் காரென் பிளிக்சன். ஐசக் டினேசன் என்று ஆண் பெயரிலே எழுதினார். தாய்மொழி டேனிஷ், எழுதியது ஆங்கிலத்திலே. அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுத வேண்டுமானால் சாப்பாட்டைப் பற்றி எழுது, அவர்களுக்கு அதிலேதான் ஆசை என்று ஒரு நண்பர் சொன்னாராம், அதிலே பிறந்தது இது என்பார்கள். 1950-இலே ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்கிற மகளிர் பத்திரிகையிலே வந்தது. சமையல் குறிப்பும் வீட்டுக் குறிப்பும் போடுகிற பத்திரிகைக்குள்ளே, துப்பாக்கிக்கு மருந்து அடைத்த ஒருத்தியை ஏப்ரன் கட்டி அனுப்பி வைத்தார் அந்த அம்மா! சீமாட்டி அவர். கென்யாவிலே காப்பித் தோட்டம் வைத்து, 1931-இலே எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பியவர். மேஜையிலே உட்கார்ந்து பழகிய வர்க்கம். ஆனாலும் கடைசி வார்த்தையை அடுக்களைக்குக் கொடுத்தார். தன் கடைசிக் காலத்திலே வயிற்று நோயினாலே சரியாகச் சாப்பிடவே முடியாமல், எலும்பும் தோலுமாக இருந்து, 1962-இலே இறந்து போனார். சாப்பாட்டைப் பற்றி உலகத்திலே ரொம்ப அழகாக எழுதியவர்களிலே ஒருவர்.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா.

படத்தைப் பாருங்கள் தாய்மார்களே, கட்டாயம் பாருங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். பாபெத் சமைக்கிற அழகைப் பாருங்கள். கிழவர்கள் கைகோத்துப் பாடி முடித்ததும் அணைத்துவிடாதீர்கள், அவள் அடுக்களையிலே உட்கார்ந்திருக்கிற கடைசிக் காட்சி வரைக்கும் பாருங்கள். பிறகு கதைப் புத்தகத்தை எடுத்து, அதே இடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கட்டை மேலே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா, படத்திலே பாதியிலே நிறுத்திய பேச்சை அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்.

மணி அடித்தாகிவிட்டது. அவர் பேசட்டும், நான் உட்காருகிறேன்.